தலைவர் வாங்கிய உரம்

கடை வாசலில் நின்றிருந்த கடைசி வண்டியும் கிளம்பிப் போகும்வரை டாயில் தன் டிரக்கைவிட்டு இறங்கவில்லை. தொப்பியை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.

உரக்கடை மார்லிஸ் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். "என்ன டாயில், போலீஸ் தேடுற ஆள் மாதிரி வர்ற? சட்டம் மாறி எத்தனை வருஷம் ஆச்சு."

"பழக்கம்" என்றார் டாயில்.

அதுவும் பொய்யில்லை. ஹம்போல்ட் மலையில் கஞ்சா வளர்த்தால் கைவிலங்கு என்றிருந்த காலத்தில் எட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர் அவர். இப்போது லைசென்ஸ் அவர் வீட்டு ஹாலில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. மலையில் கஞ்சா போடும் சிறு விவசாயிகளின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

"சல்லிசா உரம் வேணும் மார்லிஸ். ரெண்டு மூட்டை."

சல்லிசான உரம் என்றால் அந்த வட்டாரத்தில் மார்லிஸ்தான். பெரிய கம்பெனிகள் ஏக்கர் கணக்கில் நட்டுத் தள்ளியதில் கஞ்சா விலை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. புலிப் படம் போட்ட விலை உயர்ந்த கம்பெனி பாட்டில் உரங்களை வாங்க யாருக்கும் தெம்பில்லை. அவள் பின்கட்டில் தானே பொடி கலந்து, சாக்கில் கட்டி, கால்வாசி விலைக்குக் கொடுத்து வந்தாள்.

"வழக்கமான கலவைதானே?"

"இல்ல." டாயில் குரலைத் தாழ்த்தினார். "கால்சியம் கொஞ்சம் கூடுதலா."

"கொஞ்சம்னா?"

"நல்லாவே கூடுதலா."

மார்லிஸ் பேனாவை வைத்துவிட்டாள். "லைசென்ஸுக்கு மேல நட்டிருக்கியா? உண்மையச் சொல்லு. அடுத்த வாரம் செடி எண்ண ஆபீசருங்க வர்றாங்க."

அவர் பதில் சொல்வதற்குள் பின்கட்டுக் கதவு திறந்தது. நோரீன் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பா செத்தபிறகு அவருடைய தோட்டத்தை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறவள். சங்கத்தில் எல்லாரையும்விட வயதில் சின்னவள். வண்டியைப் பின்பக்கம் நிறுத்தியிருக்கிறாள் போலும்.

"தலைவரே." அவள் முகம் ஒரு கணம் வெளுத்துப் பிறகு மலர்ந்தது. "போன கூட்டத்தில நீங்க பேசினது இன்னும் காதிலயே நிக்குது. கம்பெனிக்காரனுக்குப் பயந்து ஒரு செடிகூடக் குறைக்காதீங்கன்னு சொன்னீங்களே. அன்னைக்கு நான் நிலத்தையே வித்துட்டுப் போயிடலாம்னு இருந்தேன். உங்க ஒரு வார்த்தைக்காகத்தான் நின்னேன்."

டாயில் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "செடியெல்லாம் எப்படிம்மா இருக்கு?"

"ஜோரா இருக்கு. உங்களுது?"

"அதுவும் ஜோர்தான்." அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மூட்டைக்குக் கை நீட்டினார். "குடு, நான் வண்டியில வச்சிடறேன்."

"ஐயோ, வேண்டாம் தலைவரே. உங்க இடுப்புக்கு இது ஆகாது." மூட்டையைக் கைக்குழந்தைபோல் மார்போடு அணைத்துக்கொண்டு, முதுகைத் திருப்பாமல் பின்னாலேயே நகர்ந்து வெளியே போனாள்.

அவள் வண்டிச் சத்தம் தேய்ந்ததும் டாயில் முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"லைசென்ஸுக்கு மேல எதுவும் நடல மார்லிஸ். இந்த வருஷம் ஒரு கஞ்சாச் செடிகூட நடல."

மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றினாள்.

"தக்காளி. மூணு கொட்டகையிலயும் தக்காளிதான். காய் அடியில கறுத்துப்போகுது, அதுக்குத்தான் கால்சியம். ஓட்டல்காரன் ஒருத்தன் மொத்தமா எடுத்துக்கறேன்னான். வீட்டைக் காப்பாத்திக்க வேற வழி தெரியல. அன்னைக்கு நான் மேடையில முழங்கறப்பவே கொட்டகையில தக்காளி நாத்து முளைச்சு நின்னுது."

ஒரு காலத்தில் போலீஸ் கேட்டபோதெல்லாம் தக்காளி என்று சாதித்துக் கஞ்சா வளர்த்தவர். இந்த உண்மையைச் சொல்லக் கூசியதுபோல் அந்தப் பொய்யைச் சொல்ல அவர் என்றைக்கும் கூசியதில்லை.

சட்டென்று எழுந்து டிரக் சாவியை எடுத்தார். "பாவம், என் பேச்சை நம்பி அந்தப் பொண்ணு நஷ்டத்தில விழப்போறா. வழியிலயே மறிச்சு உண்மையச் சொல்லிடறேன். பதவி போனா போகட்டும்."

"உட்காரு டாயில்." மார்லிஸ் எழுந்து வந்து அவர் கையிலிருந்த சாவியை வாங்கி மேஜைமேல் வைத்தாள். "தலைவருக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடுவார், சொல்லிடாதீங்கன்னு நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் என்கிட்ட சத்தியம் வாங்கினா."

"என்ன தெரிஞ்சா?"

"அவ மூட்டையிலயும் தக்காளி உரம்தான்."