மேட்டுக்காட்டுக் கைநாட்டு

இந்த வருஷம் மேடையில் ஒரே ஒரு நாற்காலிதான் போட்டிருந்தார்கள்.

அக்கா செத்து நாற்பது நாள் ஆகிறது. எங்கள் பேச்சு தெரிந்தவன் இனி நான் ஒருத்தன்தான்.

வருஷா வருஷம் பழங்குடி, பசுமை என்று இந்த விழாவை நடத்துகிறார்கள். தலையில் இலைக் கிரீடம் மாட்டுவார்கள். பிளாஸ்டிக் இலை. பிறகு அக்காவையும் என்னையும் எங்கள் பேச்சில் பேசச் சொல்வார்கள்.

காட்டுக்கு வேண்டுதல் செய்கிறோம் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. நாங்களும் திருத்தவில்லை.

அக்கா கேட்டது ஒரே கேள்வி. வீட்டில் கேட்டால் நான் எழுந்து போய்விடுவேன். மேடையில் எங்கே ஓடுவது?

"ஏன்டா, நம்ம மேட்டுக்காட்டைக் குவாரிக்காரனுக்குக் கைநாட்டு வச்சுக் குடுத்தது எவன்? இந்த வருஷமாவது சொல்லித் தொலையேன்டா."

"என்னை ஏன் கேக்குறே? மாமாவைக் கேளு."

மாமா அவள் புருஷன். செத்துப் பத்து வருஷம். அவர்தான் வைத்தார் என்று நம்பி, படுக்கையில் கிடந்த மனுஷனிடம் கடைசிவரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நம்பினாள், ஆனாலும் என்னைக் கேட்பதை விடவில்லை.

கூட்டம் கைதட்டும்.

இன்று மைக்கை என் கையில் கொடுத்தார்கள். எதிரே பார்த்தேன். ஒருத்தனுக்கும் ஒரு சொல் புரியப்போவதில்லை. தைரியம் அப்படித்தான் வந்தது.

"அக்கா, நான்தான் வச்சேன். என் பெரிய பையனுக்கு லாரி ஓட்டுற வேலை தர்றோம்னானுங்க. மாமாவுக்கு ஒண்ணுமே தெரியாது."

உட்கார்ந்துவிட்டேன்.

கைதட்டல் ஓய நேரமாயிற்று.

"காட்டுத்தாயே, மழையைக் கொடு என்று வேண்டுகிறார்" என்றாள் நிகழ்ச்சியை நடத்தும் பெண். கூசாமல் சொன்னாள்.

பிறகு என் காதருகே குனிந்தாள். "தாத்தா, கேமரா ஓடலையாம். அதையே இன்னொரு தடவை சொல்லிடுங்க. காலத்துக்கும் இருக்கப் போற பதிவு இது."

காலத்துக்குமா? நாளைக்கு எவனாவது வேலையற்று உட்கார்ந்து அர்த்தம் கண்டுபிடித்துவிட்டால்?

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"என்னை ஏன் கேக்குறே?" என்றேன். "மாமாவைக் கேளு."