தெருமுனையிலிருந்து வாசல் வரை

பேட்டரி வண்டியை வாசலில் நிறுத்தியவன், உள்ளே கேட்ட சிரிப்பில் அப்படியே நின்றுவிட்டான்.

தன் வீட்டில் யாரும் இப்படி விழுந்து விழுந்து சிரித்து அவன் கேட்டதில்லை.

பெட்ரோல் பங்க்கில் சூப்பர்வைசர் அவன். இந்த வண்டியை வாங்கி மூன்று நாள்தான் ஆகிறது. சொந்தக் கடையில் சாப்பிடாத ஓட்டல்காரர் என்று பங்க்கில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். பதினோரு வருடம் ஓட்டிய பழைய வண்டிக்கு சைலன்சரில் ஓட்டை. தெருமுனையில் திரும்பும்போதே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். இதில் கியர் இல்லை, புகை இல்லை. பூனை மாதிரி வந்து நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பாதி திறந்திருந்த ஜன்னலின் கம்பியைப் பிடித்து உள்ளே பார்த்தான்.

கூடத்தின் நடுவில் மகள். அவனுடைய பழைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, டப டப டப என்று வண்டி ஓட்டி வந்தாள்.

சத்தம் கேட்டதும் சின்னவன் பாய்ந்து டிவியை அணைத்தான். செருப்புகளை வரிசையாக வைத்தான். புத்தகத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தான், தலைகீழாக. மனைவி ஃபேனை நிறுத்திவிட்டு அடுப்படிக்கு ஓடப் பார்த்தாள். சிரிப்பில் கால் வரவில்லை.

அவனுக்குச் சுருக்கென்றது.

பழைய வண்டி முனையிலிருந்து வாசலுக்கு வந்து சேர அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில் இத்தனை வருடமாக இந்த வீட்டுக்குள் நடந்தது இதுதான்.

இனி மகள் தன்னைப் போலவே திட்டிக் காட்டப்போகிறாள் என்று காத்திருந்தான். தன்னுடைய வசவுகள் அவனுக்கே மனப்பாடம்.

மகள் திட்டவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி, குரலைக் கனமாக்கிக்கொண்டு, "என்ன, எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்றாள்.

அவ்வளவுதான். சின்னவன் தரையில் உருண்டான். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "போதும்டி, வயிறு வலிக்குது!"

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தான்.

ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தான். பங்க்கில் டயருக்குக் காற்று பிடிக்க வருகிறவர்களிடம்கூடக் கேட்டிருக்கிறான்.

வண்டியைச் சத்தமில்லாமல் முனை வரை தள்ளிக்கொண்டு போனான். அங்கிருந்து ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வந்தான்.

உள்ளே நுழைந்தபோது கூடம் அமைதியாக இருந்தது. மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படியில் குழாய்த் தண்ணீர் ஓடியது.

சாவியை ஆணியில் மாட்டினான். தொண்டையைச் செருமினான். முடிந்தமட்டும் மெதுவாகக் கேட்டான்.

"எல்லாரும் சாப்பிட்டீங்களா?"

குழாய் நின்றது. சின்னவன் அக்காவைப் பார்த்தான்.

மகள் எழுந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பா... நீங்க அப்பவே வந்துட்டீங்களா?"