சம்பந்தி வீட்டுப் பட்டு

மாமியார் குளியலறைக் கதவைச் சாத்தியதுதான் தாமதம், ஹேவோன் கத்தரிக்கோலோடு அலமாரி முன்னால் உட்கார்ந்தாள். சுவரில் மாட்டிய படத்தில், ஜேஜு தீவுக் கடற்கரையில் தனியாக நின்ற மாமியார் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பார்க்காதீங்க அத்தை" என்று படத்திடம் முணுமுணுத்துவிட்டு, தன் பாவாடையின் உள்மடிப்பில் விரலகலத் துணியை நறுக்கினாள். மாமியார் கல்யாணப் பெட்டியில் வைத்து அனுப்பிய சிவப்புப் பட்டில் தைத்த பாவாடை அது; கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் கையில் எடுத்திருந்தாள்.

வேறு வழியில்லை. கொரியாவின் தேகு நகரக் கல்லூரியில் அவள் படிக்கும் ஓராண்டு ஜவுளிச் சான்றிதழ் வகுப்பில் இன்று, நூலை எரித்து அசலா போலியா என்று பார்க்கும் நெருப்புச் சோதனை. வீட்டிலிருந்து பட்டுத்துணி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதை மாமியாரிடம் உளறியதுதான் வினை.

"உங்கம்மா சீராக் குடுத்த பட்டுப் போர்வையில கொஞ்சம் கத்தரிச்சுட்டுப் போ. அசல் பட்டுன்னு நாத்தனாருங்ககிட்டல்லாம் பீத்தி வெச்சிருக்கேன். முடிவை எழுதி டீச்சர் கையெழுத்துப் போட்ட தாளையும் கொண்டா."

மூன்று மாதமாகத் துணிகளைத் தடவித் தடவிப் பழகிய ஹேவோனின் விரல்களுக்கு அந்தப் போர்வையின் லட்சணம் தெரியும். அம்மாவின் மானம் கப்பலேறிவிடும். சம்பந்திகள் இரண்டு பேரும் கல்யாண மண்டபத்தில் குனிந்து வணங்கிக்கொண்டதோடு சரி, அப்புறம் பேச்சுவார்த்தையே கிடையாது. நல்லவேளையாகப் போர்வையும் பாவாடையும் ஒரே சிவப்பு. மாற்றினால் ஈ காக்காய்க்கும் தெரியாது.

வகுப்பில், துணியிலிருந்து நூலை உருவி இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினாள். நூல் சுருண்டது, உருகியது, கறுப்பாக ஒரு மணி கட்டிக்கொண்டது.

ஆசிரியை தாளில் 'பாலியஸ்டர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இதைப் பட்டுன்னு உன் தலையில கட்டின மகராசி யாரும்மா?"

வகுப்பே சிரித்தது. ஹேவோனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் தாளைக் காட்டினால் அம்மா மாட்டுவாள். உண்மையைச் சொன்னால் மாமியார் மாட்டுவாள். பஸ்ஸில் வரும்போதே தாளை நாலாக மடித்துப் பைக்குள் அடியில் திணித்துவிட்டாள்.

வீட்டில் மாமியார் முளைப்பயறுக்கு வால் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"சுத்தப் பட்டு, அத்தை."

"முடி பொசுங்கின நாத்தம் வந்துச்சா?"

"வகுப்பு பூரா வந்துச்சு."

"தாளு?"

"டீச்சரே வாங்கி வெச்சுக்கிட்டாங்க."

மாமியார் முளைப்பயறுக் கிண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள்.

"நீ என்ன பண்றேன்னு பார்க்கத்தான் அனுப்பினேன். எதைக் கத்தரிச்சிருந்தாலும் பாலியஸ்டர்தான்டி. போர்வையும் உன் பாவாடையும் ஒரே சுருள்ல வெட்டினது. பட்டுக்குன்னு வெச்சிருந்த காசுல ஜேஜு போயிட்டு வந்தோம்."

"வந்தோமா? நீங்க தனியாத்தானே போனீங்க?"

மாமியார் மோவாயால் சுவரைக் காட்டினாள்.

"பின்னே அந்தப் படத்தை எடுத்தது யாராம்? உங்கம்மாதான்!"