சிலந்தி நெய்த "வாங்க"

அத்திமரத்துப் பழக்கடை அணிலுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. கடல் தாண்டி வரும் நாரைகளுக்காக, சிலந்தி கடையின் வலையை நாரை மொழியிலும் நெய்து முடித்திருந்தது. முகப்பில் அணில் எழுதச் சொன்னது ஒரே சொல்தான்: "வாங்க".

"இனிமே கூட்டம் தாங்காது பாரேன்" என்று துள்ளியது அணில்.

நாரைகள் வந்தன. முகப்பைப் படித்தன. படித்த வேகத்தில் பறந்தன.

அணிலுக்குத் திக்கென்றது. கிளை கிளையாகத் தாவி, கடைசி நாரையை மறித்தது. "பழம் பிடிக்கலீங்களா?"

"பழத்தை எங்கே பார்த்தோம்?" என்றது நாரை, தட்டுத்தடுமாறிய தமிழில். "இவ்வளவு தூரம் பறந்து வந்தோம். உட்காரச் சொல்லவில்லை. எடுத்த எடுப்பில் 'காசு கொடுத்து எடு' என்கிறீர்களே."

அணில் திரும்பிச் சிலந்தியை முறைத்தது.

"வாங்கன்னா கொள்முதல்தானே?" என்றது சிலந்தி.

"வரச் சொன்னேன்யா!"

சிலந்தி அந்தச் சொல்லைப் பிரித்து, வரவேற்பாக நெய்தது. நாரைகள் திரும்பின; கிளைகள் வளைந்தன; கூடைகள் காலியாயின.

புறப்பட்ட நாரையிடம் அணில் பூரிப்போடு சொன்னது: "போயிட்டு வாங்க."

நாரை சிறகை மடக்கி நின்றது. "வரவா, வாங்கவா?"

"வந்தாப் போதுங்க" என்றது அணில். "வாங்குறது தானா நடக்கும்."