வாசற்படி இல்லாத பட்டறை

இந்த முறை சத்தியமாக அவர் கை வைக்கவில்லை.

ஆனாலும் எண்ணெய் ஒழுகியிருந்தது. கொட்டகையில் நிறுத்தியிருந்த படகு மோட்டாருக்கு அடியில், கால் வைத்தால் வழுக்கிவிடும் அளவுக்கு ஒரு திட்டு.

அவருக்கு முதலில் சந்தோஷம். பிறகுதான் சந்தேகம்.

இப்போது மெக்கானிக் அந்த மோட்டாரின் கியர் பெட்டியைத் தனியாகக் கழற்றி, தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் என்பது அவர் கூப்பிடுவது. முறைப்படி பார்த்தால் அவன் அவருடைய மருமகன்.

மகள் தன் இஷ்டத்துக்கு இவனைக் கட்டிக்கொண்டபோது, "உன் வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். கோபம் சீக்கிரமே ஆறிவிட்டது. சொன்னதுதான் தொண்டையில் மாட்டிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மனைவி மட்டும் நினைத்தபோதெல்லாம் மகள் வீட்டுக்குப் போய்வந்தாள். அவள் எந்தச் சபதமும் போடவில்லையே. திரும்பி வந்ததும் அங்கே என்ன விசேஷம் என்று இவர் கேட்க மாட்டார். அவளும் வேண்டுமென்றே சொல்ல மாட்டாள்.

நல்ல வேளையாக, மருமகனின் பட்டறை வீட்டின் முன்பக்கத்திலேயே இருந்தது. பட்டறைக்கு ஏது வாசற்படி? ஷட்டரைத் தூக்கினால் தெருவும் பட்டறையும் ஒன்றுதான். வீட்டுக்குள் போகும் படி பட்டறையின் கோடியில் இருந்தது. அதுவரைக்கும் வரலாம், அதைத் தாண்டினால்தான் வாக்கு போகும். மனிதர் எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருந்தார்.

முதல் தடவை ஒழுகியது நிஜம். தூண்டில் நரம்பு ப்ரொப்பல்லர் தண்டில் சுற்றிக்கொண்டு, உள்ளே எண்ணெய் கசியாமல் அடைத்திருந்த ரப்பர் 'சீல்' வளையத்தை அறுத்துவிட்டது. அந்தக் காலத்து மோட்டாரைத் தொட வேறு யாரும் சம்மதிக்கவில்லை. வேண்டா வெறுப்பாக இங்கே கொண்டுவந்தார். மருமகன் புது சீல் போட்டுக் கொடுத்தான். மகள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கோப்பையையே பார்த்துக்கொண்டு குடித்து முடித்தார்.

அதற்குப் பிறகு மோட்டார் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. படுபாவி இவ்வளவு ஒழுங்காகவா வேலை செய்வான் என்று நொந்துகொண்டார்.

அன்றிலிருந்து, மகளைப் பார்க்க வேண்டும் போலிருக்கும்போதெல்லாம், கொட்டகையில் குனிந்து மோட்டாரின் அடி ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்திவிடுவார். மறுநாள் எண்ணெய் கசியும். மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வந்து இறங்குவார். மருமகன் ஸ்க்ரூவை முறுக்குவான், பெட்டிக்குள் காற்றடிப்பான், தண்ணீரில் முக்கிப் பார்ப்பான். ஒரு குமிழிகூட வராது.

"எங்கேன்னே தெரியல மாமா. அடுத்த தடவை பார்ப்போம்," என்பான், சிரிக்காமல்.

டீ வரும். மகள் இளைத்திருக்கிறாளா, முகம் தெளிவாக இருக்கிறதா என்று அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். அதற்குத்தானே இவ்வளவு பாடு.

கொஞ்ச நாளாக இடுப்புதான் மக்கர் செய்தது. போன தடவை முனகிக்கொண்டேதான் குனிந்தார். இந்தத் தடவை குனியவே முடியவில்லை. மனைவி தைலம் தேய்த்துவிட்டாள். இந்த வலி எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி எந்தச் சாக்கில் மகளைப் பார்ப்பது என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் மோட்டார் தானாகவே ஒழுகிவைத்தது.

"இன்னைக்குக் கண்டுபிடிச்சிடலாம் மாமா. இனிமே நீங்க அலைய வேண்டாம்," என்றான் மருமகன்.

"அவசரம் ஒண்ணுமில்லை," என்றார் அவர்.

மருமகன் பெட்டியின் மேல் துவாரத்தில் கைப்பம்பை மாட்டிக் காற்றடித்தான். பம்பில் அழுத்தம் காட்டும் முள் ஏறியது, நின்றது, மெல்ல இறங்க ஆரம்பித்தது. பெட்டியைத் தண்ணீரில் முக்கினான். அவர் ஸ்டூலோடு முன்னால் நகர்ந்தார். வந்துவிடாதே, வந்துவிடாதே என்று வேண்டிக்கொண்டார். தன் மோட்டார் சரியாகிவிடக் கூடாது என்று வேண்டிய படகுக்காரர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

குமிழி வந்தது. அடி ஸ்க்ரூவின் ஓரத்திலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக.

மருமகன் ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினான். நன்றாக முறுக்கியிருந்த ஸ்க்ரூதான். அதில் இருக்க வேண்டிய வாஷரைத்தான் காணோம்.

வாஷர் தானாக எழுந்து ஓடிப்போகாது. போன தடவை ஸ்க்ரூவை மாட்டியது இவன். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன மெக்கானிக், வாஷர் போட மறந்துட்டீங்களா?"

மருமகன் தலையைச் சொறிந்தான். கோடியில், படிமேல் வந்து நின்றிருந்த மகள்தான் பதில் சொன்னாள்.

"அவர் மறக்கலப்பா. நான்தான் போட வேணாம்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு ஸ்க்ரூவை லூஸ் பண்ணிப் பண்ணியே உங்களுக்கு இடுப்பு போச்சுன்னு அம்மா சொன்னாங்க."

அவர் பம்பைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். அதற்கு மேல் பார்க்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

மகள் இன்று வெறுங்கையோடு நிற்கிறாள் என்பதை அப்போதுதான் கவனித்தார்.

"டீ உள்ளே மேசை மேல இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, படிவரைக்கும் போய், செருப்பைக் கழற்றினார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"வாஷரைப் போட்டுடுங்க, மாப்பிள்ளை."