கண்கட்டு

அந்த அம்மாள் இன்றைக்கும் வந்துவிட்டாள். படத்தின் கண்ணாடியில் வாயால் ஆவி ஊதி, கைக்குட்டையால் பதமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். படத்துக்குள் அந்தப் பையன் எப்போதும்போலச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு நீச்சல் தெரியாது. நாடகக் குழுவில் சேர்ந்த புதிதில், கண்ணைக் கட்டி நீச்சல்குளத்தில் குதிக்கச் சொன்னார்கள். குதித்தவன் எழுந்து வரவில்லை. கல்லூரி நிர்வாகம் குளத்தைப் பூட்டியது, வாசல் சுவரில் படத்தை மாட்டியது, பக்கத்திலேயே புகார் சொல்ல ஒரு போன் நம்பரையும் எழுதி வைத்தது. அத்தோடு கையைக் கழுவிக்கொண்டது.

படத்துப் பையனின் அம்மா என்று கல்லூரியே அவளைப் பார்த்து உச்சுக்கொட்டும். கிட்டே போய் இரண்டு வார்த்தை கேட்டவர் யாருமில்லை. ஆறின புண்ணைக் கிளறுவானேன் என்று எல்லோரும் ஒதுங்கிப் போய்விடுவார்கள்.

துடைத்து முடித்து அவள் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்ததும், மறு கோடியில் வந்து உட்கார்ந்தான் தூண். இரண்டாம் வருஷ மாணவன். போன வருஷம் முழுக்க வராந்தா மூலையில் தனியாக நின்றதற்குக் கிடைத்த பட்டப்பெயர் அது. காய்ச்சலில் கிடந்தபோது அவனை எட்டிப் பார்க்க ஒரு நாதி இல்லை. சாப்பிட உட்கார்ந்தால், "இங்க யாரும் வரல இல்ல?" என்று கேட்டு எதிர் நாற்காலியையும் இழுத்துக்கொண்டு போவார்கள்.

அப்பேர்ப்பட்டவனை நாடகக் குழு இப்போதுதான் சேர்த்துக்கொண்டது. நேற்று குழுத் தலைவன் தோளில் கை போட்டு, "மச்சான், கட்டு உன் பொறுப்புடா" என்று ஒரு கறுப்புத் துணியைக் கொடுத்தான். அவனை ஒருவன் மச்சான் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

குழுவின் வழக்கம் அது. புதிதாக வருகிற முதல் வருஷப் பையன் கண்ணைக் கட்டிக்கொண்டு பயத்தைத் தாண்ட வேண்டும். கட்டிவிடுகிறவன் அன்றோடு குழுவில் முழு ஆள். ஓர் உயிர் போன பிறகு சீனியர்களும் திருந்தித்தான் இருந்தார்கள். தண்ணீர் வேண்டாமாம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் நடந்தால் போதுமாம். இன்று சாயங்காலம் நடக்கப்போகிறவன் சோடாப்புட்டி என்கிற முதல் வருஷப் பையன். அவனுக்குக் கண்ணைக் கட்டவே தேவையில்லை, கண்ணாடியைக் கழற்றினாலே போதும்.

"சாப்ட்டியாப்பா?" என்றாள் அம்மாள்.

"சாப்ட்டேம்மா."

"தனியாவா?"

 தூண் தலையாட்டினான்.

"என் பையனும் இப்படித்தான், தனியாவே கெடப்பான். இந்தக் குழுவுல சேத்துக்கிட்டாங்கன்னதும் போன் பண்ணி, அம்மா, எனக்கும் ஆளுங்க இருக்காங்கம்மான்னான். அவ்வளவு சந்தோஷம்." கைக்குட்டையை மடித்தாள். "சாதுப்பா அவன். தண்ணின்னா உயிரு. மீனாட்டம் நீந்துவான்."

பெற்ற வயிறு, பாவம் என்று நினைத்துக்கொண்டான் தூண். போன பிள்ளைக்கு இல்லாத நீச்சலையும் சேர்த்து வைத்துப் பேசுகிறது.

"அது என்னப்பா, சட்டைப் பையில? துணியா?"

"நாடகத்துக்கும்மா."

அவள் கையை நீட்டினாள். மறுக்கத் தோன்றாமல் எடுத்துக் கொடுத்தான். மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"சிரிச்சுக்கிட்டேதான் கட்டுவாங்க. யாரும் கெட்டவங்க இல்ல. அவிழ்த்துவிடணும்னு மட்டும் ஒருத்தனுக்கும் தோணாது."

 புகார் சொன்னால் என்ன ஆகும் என்று தூணுக்குத் தெரியும். காட்டிக்கொடுத்தவன் என்று பெயர் வரும். மறுபடியும் அந்த வராந்தா மூலை, மறுபடியும் எதிரே நாற்காலி இல்லாத சாப்பாடு. சொல்லாவிட்டால் சோடாப்புட்டி மூன்று மாடி உயரத்தில் நடப்பான்.

சுவரைப் பார்த்து நம்பரை அழுத்தினான்.

"சார், ஒரு புகார். நாடகக் குழு. இன்னிக்கு சாயங்காலம், மொட்டைமாடில... புதுப் பையனைக் கண்ணைக் கட்டி நடக்கவைக்கப் போறாங்க. கட்டப்போறது நான்தான் சார். ஆமா, என் பேரையும் எழுதிக்குங்க."

மாடிக் கதவைப் பூட்ட இப்போதே ஆள் போகிறது என்றார்கள். போனை வைத்த கையோடு ஒரு செய்தி வந்து விழுந்தது. 'மச்சான், எங்கடா இருக்க?' இனி அந்த வார்த்தை வராது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"உங்களைப் பாத்துதாம்மா போன் பண்ணேன்" என்றான், கண்ணைத் துடைத்தபடி. "உங்க பையனுக்கு நடந்தது இன்னொருத்தனுக்கு நடக்கக் கூடாதில்ல?"

அம்மாள் நகர்ந்து அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கறுப்புத் துணியைத் தன் பைக்குள் போட்டு மூடினாள். பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இந்தப் புள்ள என் பையன் இல்லப்பா. இவன் கண்ணைக் கட்டிவிட்டவன்தான் என் பையன்."