ஓடும் பேருந்திலிருந்து ஒரு பதிவு

வாசகப் பெருமக்கள் பொறுமை காக்கவும்: வலைப்பதிவர் ஓடும் பேருந்திலிருந்தே எழுதிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் மனைவி, தனக்குப் புற்றுநோய்தான் என்று உறுதி செய்த மருத்துவமனைக் கவரை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் வெயில் கவரின்மேல் விழுவதும் விலகுவதுமாக இருக்கிறது. அவளுக்கு அழுகை வரவில்லை. மடக்கி உட்கார்ந்த கால்போல உடம்பு முழுக்க மரத்துக் கிடக்கிறது. “அக்காகிட்ட நானே நேர்ல போய்ச் சொல்லிக்கிறேங்க. அதுவரைக்கும் எழுதிடாதீங்க.” “நான் என்ன பொறுப்பில்லாதவனா? பேரே போடலை. ‘என் துணைவி’ன்னுதான் போட்டிருக்கேன்.” “உங்களுக்கு எத்தனை துணைவி?” அவர் ஏற்கெனவே ஏற்றிவிட்ட பதிவில் ஒரு எழுத்துப்பிழையைப் பொறுப்பாகத் திருத்துகிறார். கவரின்மேல் அவளுடைய கைப்பேசி அதிர்கிறது. எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பதிவை இதுவரை படித்தவர் ஒரே ஒருவர்: அக்கா.